கப்பலூர்த் தொழிற்கூடத்தில் மருத்துவப் பரிசோதனையும் போதைப்பொருள் சோதனையும்: எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

கப்பலூர்_மேலாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கப்பலூர் தொழிற்பேட்டையில் இரும்புத் தகடுகளை அழுத்தி வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கூடத்தின் நிர்வாகத்தைப் பார்த்துவருகிறேன். நிரந்தரத் தொழிலாளரும் ஒப்பந்தத் தொழிலாளருமாக இருநூறு பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் வேலை செய்கிறார்கள். பிரஸ், கிரைண்டிங், பெயின்ட் பூத், கிடங்கு ஆகியவை எங்கள் பிரிவுகள்.

அண்மையில் இரவு ஷிப்டில் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று கிடங்கு ரேக்கில் மோதிச் சரக்கு சரிந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் ஓட்டியவர் குடித்திருந்தார் என்றும், கஞ்சா புகைத்திருந்தார் என்றும் ஆளுக்கொரு விதமாகப் பேசத் தொடங்கிவிட்டார்கள். இதே நேரத்தில் எங்களிடம் பொருள் வாங்கும் ஒரு நிறுவனமும் போதையற்ற பணியிடக் கொள்கை எங்களிடம் எழுத்தில் இருக்கிறதா என்று தணிக்கையில் கேட்டிருக்கிறது. எனவே அனைவருக்கும் சிறுநீர்ச் சோதனை நடத்திவிடலாம் என்பது இயக்குநர்களின் எண்ணம்.

மதுரையில் உள்ள ஒரு மருத்துவமனையிடம் விலைப்புள்ளி கேட்டோம். சர்க்கரை, கொழுப்பு, இ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே, எச்.ஐ.வி., பத்து வகைப் போதைப்பொருள் கிட் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக்கி, ஒரே நாளில் வேன் கொண்டுவந்து முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். முடிவுகளை ஒரே எக்செல் கோப்பில் எனக்கு அனுப்பிவிடுவார்களாம். இது சரியான வழிதானா என்று இத்துறையில் பழகியவர்கள் சொல்ல வேண்டும்.

தொழில்நல_மருத்துவர் எழுதியது:

ஐயா, இந்தத் தொகுப்பில் உங்கள் கூடத்துக்கு வேண்டிய முக்கியமான சோதனைகள் இல்லை. வேண்டாதவை பல இருக்கின்றன. சட்டத்துக்குப் புறம்பானதும் ஒன்று இருக்கிறது. எச்.ஐ.வி. சோதனையை வேலைக்கான முன்நிபந்தனையாக்குவதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது. அந்த வரியை முதலில் நீக்கச் சொல்லுங்கள்.

தொழில்நல மருத்துவமனையின் வேலை மனிதரின் உடலை மட்டும் பார்ப்பதோடு முடிவதில்லை. அவர் நிற்கும் இடத்தையும், கையாளும் பொருளையும், மூச்சில் உள்ளே போகும் தூசியையும் பார்த்த பிறகே எந்தச் சோதனை வேண்டும் என்பதை மருத்துவர் தீர்மானிக்க வேண்டும். உங்கள் பிரஸ் பிரிவில் இரைச்சல் நிச்சயமாக மிகுந்திருக்கும். நம் விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அங்கு வேலை செய்வோருக்குச் சேரும்போதே ஆடியோமெட்ரி எனும் செவித்திறன் சோதனை எடுத்து வைத்துக்கொண்டால்தான், ஐந்தாண்டு கழித்துக் கேட்கும் திறன் குறைந்திருக்கிறதா என்பதை ஒப்பிட முடியும். கிரைண்டிங், பெயின்ட் பூத் தொழிலாளருக்கு ஸ்பைரோமெட்ரி எனும் நுரையீரல் செயல்திறன் சோதனை வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்குத் தூரப்பார்வை, பக்கப்பார்வை, நிறம் பிரித்தறியும் திறன் ஆகியவற்றைப் பார்ப்பதோடு, இரவில் போதிய தூக்கம் இருக்கிறதா, வலிப்போ சர்க்கரைத் தாழ்வோ வந்ததுண்டா என்ற கேள்விகளையும் பொறுமையாகக் கேட்க வேண்டும். கேன்டீனில் உணவைக் கையாள்பவர்களுக்கு ஆண்டுப் பரிசோதனையும் டைபாய்டு தடுப்பூசியும் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படியே கட்டாயம்.

வேனில் ஒரே நாளில் இருநூறு பேரை முடிப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். முகாம்களில் பிரஸ் ஓடிக்கொண்டிருக்கும் கூடத்துக்கு வெளியே, மரத்தடியில், ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு ஆடியோமெட்ரி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளுக்கு மதிப்பே இல்லை. ஒலி புகாத அறை வேண்டும்; தொழிலாளி அதற்கு முன் ஏறத்தாழ பதினான்கு மணி நேரமாவது இரைச்சலுக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். அதாவது இரவு ஷிப்ட் முடித்து வருபவரை அப்படியே உட்கார வைக்கக் கூடாது. ஸ்பைரோமெட்ரியிலும் ஏற்கத்தக்க மூன்று ஊதல்களாவது கிடைக்கும்வரை ஒருவரோடு நேரம் செலவிட்டாக வேண்டும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான செயல்முறைகளில் ஈடுபடுவோருக்குப் பணியில் அமர்த்தும் முன்பும், பிறகு 12 மாதங்களுக்கு மிகாத இடைவெளியிலும், அந்த வேலையை விட்ட பின்பும்கூடப் பரிசோதனை நடத்த வேண்டும் என்று 41-சி பிரிவு சொன்னது. இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்திருக்கிறது. விதிகளில் குறிக்கப்படும் வயதினருக்கும் பிரிவினருக்கும் ஆண்டுப் பரிசோதனையை இலவசமாகச் செய்து தருவது அதன்படி முதலாளியின் கடமை. தொழிலாளியின் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது ஏ.எஃப்.ஐ.எச். என்ற தொழில்நலச் சான்றிதழ் அவருக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் மூன்று மாதம் படித்துப் பெறுவது அது. சென்னை வட்டாரத் தொழிலாளர் நிறுவனத்திலும் அந்தப் படிப்பு நடக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக, அந்த எக்செல் கோப்பு உங்களிடம் வரக் கூடாது. ஒருவர் இந்த வேலைக்குத் தகுதியானவர், கட்டுப்பாடுகளோடு தகுதியானவர், தற்காலிகமாகத் தகுதியற்றவர் ஆகிய மூன்றில் எது என்பதும், என்ன கட்டுப்பாடு என்பதும் மட்டுமே நிர்வாகத்துக்குப் போதும். யாருக்குச் சர்க்கரை, யார் மனநல மாத்திரை சாப்பிடுகிறார் என்பதெல்லாம் மருத்துவருக்கும் அந்தத் தொழிலாளிக்கும் இடையில் நிற்க வேண்டிய செய்திகள்.

ஆய்வகப்_பணியாளர் எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்னதற்கு மேல், அந்தப் பத்து வகைக் கிட் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதில்தான் நிறுவனங்கள் பெரும்பாலும் வழி தவறுகின்றன.

இந்தக் கிட்டுகள், கோடு வந்தால் ஆம், வராவிட்டால் இல்லை என்ற முறையில் வேலை செய்வதில்லை. சோதனைப் பகுதியில் கோடு தோன்றினால், அது எவ்வளவு மங்கலாக இருந்தாலும், போதைப்பொருள் வரம்புக்குக் கீழே இருக்கிறது என்று பொருள். கோடு தோன்றாவிட்டால்தான் சந்தேகத்துக்குரிய முடிவு. கர்ப்பச் சோதனை அட்டையும் கொரோனாக் கிட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நேர் எதிரானது. பயிற்சியில்லாத ஒருவர் மேற்பார்வையாளர் அறையில் உட்கார்ந்து இதைப் படித்தால், குற்றமற்றவர் குற்றவாளியாகிவிடுவார்.

அடுத்து, கிட் காட்டுவது முதற்கட்டச் சந்தேகத்தை மட்டுமே. வயிற்றெரிச்சலுக்கு நம் ஊரில் பெட்டிக்கடை வரை புழங்கும் ரானிடிடின் மாத்திரை, சில கிட்டுகளில் ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கப் போதைப்பொருளாகப் பொய்யாகக் காட்டியிருக்கிறது. சளி மருந்தில் இருக்கும் சூடோஎஃபெட்ரினும் அப்படித்தான். கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்தவருக்கு ஓபியேட், அதாவது அபின் வகைப் பொருள், உண்மையாகவே தெரியும். கசகசாவிலும் மார்பின், கோடீன் தடயங்கள் உண்டு. அமெரிக்கக் கூட்டரசுப் பணியிடச் சோதனைகளில் ஓபியேட்டுக்கான முதற்கட்ட வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமாக இருந்ததை, 1998இல் 2,000 ஆக உயர்த்தியதற்குக் கசகசா உண்டவர்கள் சிக்கியதும் ஒரு காரணம். 300 வரம்புடைய கிட்டுகள் இங்கே இன்னும் விற்பனையாகின்றன. குருமாவுக்கும் பிரியாணிக்கும் கசகசா அரைத்து ஊற்றும் மதுரையில், அப்படிப்பட்ட கிட்டின் முடிவை வைத்து ஒருவரை வாசலில் நிறுத்துவது பெரிய அநீதி.

எனவே சந்தேக முடிவு வந்த ஒவ்வொரு மாதிரியும் பொருளைத் துல்லியமாக இனங்காணும் ஜி.சி.எம்.எஸ். அல்லது எல்.சி.எம்.எஸ். கருவி உள்ள ஆய்வகத்துக்கு உறுதிப்படுத்தப் போக வேண்டும். அதற்கு மாதிரியை முதலிலேயே இரண்டு புட்டிகளாகப் பிரித்து, தொழிலாளியின் கண்முன்னே மூடி முத்திரையிட்டு, அவரிடமும் கையொப்பம் வாங்கி, யார் கையிலிருந்து யார் கைக்கு எந்த நேரத்தில் போனது என்பதைப் படிவத்தில் பதிந்து வர வேண்டும். புட்டியின் வெப்பம் நான்கு நிமிடத்துக்குள் 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதும், சிறுநீரில் இயல்பாகவே இருக்கும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவைப் பார்ப்பதும் தண்ணீர் கலந்ததையும் மாற்றுச் சிறுநீரையும் கண்டுபிடிக்க உதவும். இவ்வளவும் செய்தால், ஒருவர் கூடவே நின்று பார்க்கும் அவமானம் தேவையில்லை.

கடைசியாக, கிட்டின் பட்டியல் எந்த ஊருக்காக எழுதப்பட்டது என்பதைப் பாருங்கள். அமெரிக்கப் பட்டியலில் இருக்கும் பி.சி.பி. என்ற பொருள் நம் பக்கத்தில் கண்ணில் படுவதே இல்லை. இங்கே இளைஞர்களிடம் தவறாகப் புழங்கும் டேபென்டடால் என்ற வலி மாத்திரையையோ, டிரமடாலையோ வழக்கமான ஓபியேட் பட்டை காட்டாது. அவற்றுக்குத் தனிப் பட்டை வேண்டும். நம் ஆலைகளில் விபத்துக்கு மிகப் பெரிய காரணமாகப் பேசப்படும் மதுவும் இந்த அட்டைகள் பலவற்றில் இல்லை.

ஆலைத்_தொழிலாளி எழுதியது:

தோழர்களுக்கு வணக்கம். பஞ்சாலையில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பரிசோதனை என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்குள் அச்சம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. மூச்சுத்திணறல் இருப்பதாக மருத்துவரிடம் சொன்னால் அது பஞ்சுத்தூசி நோய் என்று பதிவாகி நஷ்ட ஈடு கிடைக்கும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் சொன்னவருக்கு அடுத்த மாதமே வேலை இல்லை என்பதைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். அதனால் இருமிக்கொண்டே, ஒன்றுமில்லை என்று சொல்லி எழுந்து வருகிறவர்கள் அதிகம்.

இதில் போதைச் சோதனையையும் ஒரே நாளில், ஒரே மருத்துவரிடம், ஒரே வரிசையில் நிற்கவைத்து எடுத்தால், பிறகு எந்தத் தொழிலாளியும் அந்த மருத்துவரிடம் வாய் திறக்க மாட்டார். சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடித்துவிட்டு வருபவரின் பக்கத்தில் பிரஸ்ஸில் கைவைத்து நிற்பவனும் தொழிலாளிதான். அவன் விரலுக்கும் பாதுகாப்பு வேண்டும். ஆனால் சோதனை என்றால் அது ஒப்பந்தத் தொழிலாளருக்கு மட்டும் என்று ஆகிவிடக் கூடாது. மேலாளரும், பொறியாளரும், வாரம் ஒருமுறை காரில் வந்து கூடத்துக்குள் நடக்கும் இயக்குநரும் அதே பட்டியலில் இருக்க வேண்டும்.

மேலூர்_லாரி_உரிமையாளர் எழுதியது:

கிரானைட் கற்களை மேலூர்ப் பகுதியிலிருந்து துறைமுகத்துக்கு ஏற்றிச் செல்லும் வண்டிகள் எங்களுடையவை. எங்கள் அனுபவத்தில், வண்டி புறப்படும் முன் வாசலில் மூச்சுச் சோதனை வைப்பதுதான் பயன் தருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் மது என்பது வரம்பு. ஆனால் எங்கள் வாசலில் வரம்பு பூஜ்யம். உரிமையாளர் வண்டியை எடுத்தாலும் ஊதிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கருவியில் அளவு காட்டினால் உடனே திட்டி அனுப்பக் கூடாது. வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, பதினைந்து நிமிடம் எதுவும் சாப்பிடாமல் உட்காரவைத்து, மீண்டும் ஊதச் சொல்ல வேண்டும். அரிஷ்டம் குடித்தவருக்கும், வாய் கொப்பளிக்கும் மருந்து பயன்படுத்தியவருக்கும் முதல் ஊதலில் மது காட்டும். வாயில் ஒட்டியிருக்கும் அந்தத் தடயம் பதினைந்து நிமிடத்தில் மறைந்துவிடும். கருவியைக் குறித்த காலத்தில் அளவுதிருத்தம் செய்து, அந்தச் சான்றிதழையும் கருவியோடு வைத்திருக்கிறோம்.

ஆனால் மேலாளர் ஐயாவிடம் ஒன்றைக் கேட்கிறேன். அந்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் அன்று எத்தனை மணி நேரமாக வேலையில் இருந்தார்? எங்கள் தொழிலில் போதையால் நடந்தது என்று ஊர் சொன்ன பல விபத்துகளில் தூக்கமின்மையே காரணமாக இருந்திருக்கிறது. அதற்குக் கிட் கிடையாது. பணிநேரப் பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

இலந்தைக்குளம்_மனிதவளம் எழுதியது:

எங்கள் மென்பொருள் நிறுவனத்தில் அமெரிக்க வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில் இருப்பதால், குறிப்பிட்ட திட்டங்களில் சேர்பவர்களுக்கு ஐந்து வகைப் போதைப்பொருள் சோதனை நடத்துகிறோம். அந்த நாட்டில் 1988ஆம் ஆண்டின் போதையற்ற பணியிடச் சட்டம் அரசு ஒப்பந்ததாரர்களிடம் கொள்கையைக் கேட்கிறதே தவிர, சோதனையைக் கேட்கவில்லை. சோதனை கட்டாயமாவது பெரும்பாலும் லாரி ஓட்டுநர், விமானி, ரயில் பணியாளர் போன்ற போக்குவரத்துப் பணிகளுக்குத்தான். உங்களிடம் வாங்கும் நிறுவனம் உண்மையில் எதைக் கேட்டிருக்கிறது என்பதைத் தணிக்கைக் கேள்வியிலேயே மீண்டும் படித்துப் பாருங்கள். கொள்கை இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தால், அனைவரையும் சோதிப்பது அவர்கள் கேட்காத ஒன்று.

அங்கே ஆய்வகம் உறுதிப்படுத்திய முடிவையும் நேரடியாக நிறுவனத்துக்கு அனுப்புவதில்லை. அதற்கென்றே பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர் ஊழியரை அழைத்து, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டு, சீட்டைப் பார்த்து, காரணம் ஏற்கத்தக்கதானால் அந்த முடிவைப் போதை இல்லை என்றே அறிவிப்பார். இரண்டாவது புட்டியைச் சோதிக்கச் சொல்ல ஊழியருக்கு 72 மணி நேரம் உண்டு. நம் ஊரில் இந்த நடுப்படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

வழக்கறிஞர்_மதுரை எழுதியது:

சட்டத்தைப் பொறுத்தவரை, எல்லாத் தனியார் முதலாளிகளுக்கும் பொதுவாகப் போதைச் சோதனையைக் கட்டாயமாக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. விமானத்துறையில் மட்டும் தெளிவான ஏற்பாடு இருக்கிறது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி 2022 ஜனவரி 31 முதல் விமானப் பணியாளர்களிலும் வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களிலும் ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டினரைக் குலுக்கல் முறையில் சோதிக்கச் சொல்கிறது. கப்பலூரில் உள்ள ஒரு பிரஸ் கூடத்துக்கு அது பொருந்தாது. எனவே உங்கள் அதிகாரம் எழுத்தில் உள்ள கொள்கையிலிருந்தும், தொழிலாளி புரிந்து தரும் ஒப்புதலிலிருந்தும்தான் வர முடியும்.

மாதிரி நிலையாணைகளில், அதாவது தொழிலகங்களுக்கு அரசு வகுத்த பணி விதிகளில், ஒழுங்கீனமாகக் குறிக்கப்பட்டிருப்பது பணியிடத்தில் போதையில் இருத்தல். சிறுநீரில் தடயம் இருத்தல் வேறு. கஞ்சாவின் தடயம் எப்போதாவது புகைப்பவரிடம் ஓரிரு நாளும், தொடர்ந்து புகைப்பவரிடம் பல வாரமும் இருக்கக்கூடும் என்பதால், வெள்ளிக்கிழமை எடுத்த மாதிரி வெள்ளிக்கிழமை வேலையைப் பற்றி எதையும் நிரூபிக்காது. அதை மட்டும் வைத்துப் பணிநீக்கம் செய்தால், குறிப்பாணையும் உள்விசாரணையும் நடத்தியிருந்தாலும் தொழிலாளர் நீதிமன்றத்தில் நிற்பது கடினம். நடை தடுமாறியது, பேச்சு குழறியது, மூச்சில் மது இத்தனை அளவு காட்டியது, இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திட்டார்கள் என்ற பதிவு அதைவிட வலுவான சான்று. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் சொன்ன பிறகு, காரணமில்லாமல் எல்லாரையும் சோதிப்பதை நியாயப்படுத்துவது முன்னைவிடக் கடினம்.

சிகிச்சைக்கு முன்வருபவரைச் சட்டமும் தாங்குகிறது என்பதைத் தொழிலாளரிடம் சொல்லுங்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64-ஏ பிரிவு, போதைக்கு அடிமையான ஒருவர் தாமாகச் சிகிச்சையை நாடினால், பயன்படுத்திய குற்றத்துக்கும் சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கும் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

கப்பலூர்_மேலாளர் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. லாரி உரிமையாளர் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். பதிவேட்டைப் பார்த்தேன். ஒப்பந்தக்காரரின் ஆள் வராததால், அந்தத் தம்பி பகல் ஷிப்டை முடித்து அப்படியே இரவு ஷிப்டிலும் தொடர்ந்திருக்கிறார். விபத்து நடந்தது விடியற்காலை நான்கு மணி அளவில். மூச்சுச் சோதனை அன்று யாரும் எடுக்கவில்லை. இப்போது எடுத்துப் பயனில்லை. அவரைப் பற்றிப் பரவிய பேச்சை நிறுத்தும்படி மேற்பார்வையாளர்களிடம் சொல்லிவிட்டேன். தொடர்ந்து இரண்டு ஷிப்ட் ஓட்டும் பணியில் யாரையும் விடக் கூடாது என்ற உத்தரவை இயக்குநர்களிடம் கையெழுத்துக்கு வைத்திருக்கிறேன்.

வாடிக்கையாளர் கேட்டிருப்பதும் கொள்கை ஆவணத்தை மட்டும்தான். சோதனை யாருக்கு, எப்போது என்பதையும், உறுதியான முடிவு வந்தால் அந்த மனிதரை என்ன செய்வது என்பதையும் மருத்துவர் ஐயா சொல்ல வேண்டுகிறேன்.

தொழில்நல_மருத்துவர் எழுதியது:

என்னிடம் கேட்டால், உங்கள் கூடத்தில் ஃபோர்க்லிஃப்ட், கிரேன், பிரஸ் ஆகியவற்றை இயக்குவோருக்கும், வாகனம் ஓட்டுவோருக்கும் மட்டும் தொடங்குங்கள். ஷிப்ட் தொடக்கத்தில் மூச்சுச் சோதனை; விபத்து நடந்தாலோ, இரண்டு பேர் எழுத்தில் பதிந்த நியாயமான சந்தேகம் இருந்தாலோ உடனடியாக மூச்சு, சிறுநீர் இரண்டும். அலுவலகக் கணக்கரைக் குலுக்கலில் இழுப்பதால் யாருடைய கையும் பிழைக்கப் போவதில்லை. ஆனால் கூடத்துக்குள் வரும் எவரானாலும் சந்தேகத்தின் பேரில் சோதிக்கலாம் என்ற விதி இயக்குநர் வரைக்கும் பொருந்தட்டும். ஆலைத் தோழர் கேட்டது நியாயமானது.

சந்தேகம் வந்த அன்றே அவரை எந்திரத்திலிருந்து விலக்கி, வீட்டாரிடம் சொல்லிப் பாதுகாப்பாக அனுப்புங்கள். பைக்கை ஓட்டிக்கொண்டு திருமங்கலம் சாலையில் போகவிடாதீர்கள். உறுதிப்படுத்திய முடிவு வரும்வரை சம்பளத்தை நிறுத்த வேண்டாம். முடிவு உறுதியானால் அவரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பலாம், இ.எஸ்.ஐ.யில் பதிவானவருக்கு அந்த வழியும் இருக்கிறது. அழைத்துப் பேச மட்டும் முதலில் விரும்பினால் 14446 என்ற தேசிய போதைமீட்பு உதவி எண்ணும், 14416 என்ற மனநல உதவி எண்ணும் கட்டணமில்லாதவை. நாள்தோறும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், நாளை முதல் குடிக்காமல் வா என்று எச்சரித்து அனுப்புவதைத் தயவுசெய்து சிகிச்சை என்று நினைக்காதீர்கள்.

திரும்பி வருபவரை முதல் சில மாதம் எந்திரம் இல்லாத வேலையில் வைத்து, தகுதிச் சான்றிதழ் பெற்ற பிறகு பழைய இடத்துக்கு மாற்றுங்கள். தாமாக வந்து உதவி கேட்டவரையும், சோதனையில் பிடிபட்டவரையும் கொள்கையில் ஒரே வரியில் எழுதாதீர்கள். முதலாமவர் மீது எந்த ஒழுங்கு நடவடிக்கையும் கூடாது. போதைச் சோதனையை நடத்துபவரும் ஆண்டுப் பரிசோதனை செய்யும் மருத்துவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கட்டும்.

ஆலைத்_தொழிலாளி எழுதியது:

மருத்துவர் ஐயா கடைசியில் சொன்ன வரிக்கு நன்றி. ஒப்புதல் படிவத்தைப் பற்றியும் சொல்கிறேன். ஆங்கிலத்தில் அச்சடித்து, சேரும் நாளில் மற்ற தாள்களோடு கையெழுத்து வாங்கினால் அது ஒப்புதல் ஆகாது. தமிழிலும், வடமாநிலத் தொழிலாளர் இருந்தால் இந்தியிலும் எழுதி, ஒரு கூட்டத்தில் உரக்கப் படித்து, கேள்விக்கு நேரம் கொடுத்துப் பிறகு வாங்குங்கள். தொழிலாளர் பிரதிநிதி ஒருவரையும் பாதுகாப்புக் குழுவில் சேருங்கள்.

கப்பலூர்_மேலாளர் எழுதியது:

குறித்துக்கொண்டேன். எச்.ஐ.வி., கொழுப்பு, பத்து வகைக் கிட் ஆகியவற்றை நீக்கி, ஆடியோமெட்ரி, ஸ்பைரோமெட்ரி, கண் பரிசோதனை ஆகியவற்றைப் பிரிவுவாரியாகச் சேர்த்து, கூடத்தை நேரில் வந்து பார்த்த பின்பே விலை சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு புதிய விலைப்புள்ளி கேட்கப் போகிறேன். ஒப்பந்தத் தொழிலாளருக்கான செலவையும் நிறுவனமே ஏற்கும் என்று எழுதியிருக்கிறேன். ஆய்வகப் பணியாளரிடம் ஒரு கேள்வி: விபத்து இரவில் நடந்தால், உறுதிப்படுத்தும் ஆய்வகத்துக்கு மாதிரி போகும்வரை அதை எங்கே வைப்பது?

ஆய்வகப்_பணியாளர் எழுதியது:

முத்திரையிட்ட இரண்டு புட்டிகளையும் பூட்டுள்ள குளிர்சாதனப் பெட்டியில், இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் வையுங்கள். சாவி முதலுதவி அறைப் பொறுப்பாளரிடம் மட்டும் இருக்கட்டும். திறந்த நேரமும் மூடிய நேரமும் படிவத்தில் ஏற வேண்டும். உணவோ, கேன்டீன் பாலோ அந்தப் பெட்டியில் வைக்கக் கூடாது. மறுநாளே ஒரு புட்டியை அனுப்பிவிடுங்கள். மற்றொன்று தொழிலாளி மறுசோதனை கேட்கும் காலம் முடியும்வரை உங்களிடமே உறைநிலையில் இருக்க வேண்டும்; அதற்கு உறைபெட்டி தேவைப்படும் என்பதால், அதையும் அந்த விலைப்புள்ளியிலேயே கேட்டுவிடுங்கள்.